உடைத்துப் பார்க்க ஒரு பட்டப்படிப்பு

2003ஆம் ஆண்டு மே 14. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விநோதம் கண்ணில் பட்டது. பல்கலைக்கழகம் பொதுப் பயன்பாட்டுக்காக நடத்திவந்த ஒரு சர்வரை நோக்கி நொடிக்குச் சுமார் 40,000 பாக்கெட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அது பரம சாதுவான சர்வர். 'இப்போது மணி என்ன?' என்று உலகின் எந்தக் கணினி கேட்டாலும் சரியான நேரத்தைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அதன்மேல் யாருக்கு என்ன கோபம்?

தாக்குதல் என்று நினைத்தார்கள். வந்த பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை ஒரே போர்ட் எண்ணிலிருந்து, 23457இலிருந்து, கிளம்பியிருந்தன. அந்த எண்ணை வைத்தே பல்கலைக்கழகத்தின் எல்லையில் அவற்றைத் தடுத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வெள்ளம் வடியவில்லை. அடுத்த மாதம் அது நொடிக்கு 2,50,000 பாக்கெட்டுகளைத் தாண்டியது.

டேவ் ப்ளாங்கா என்ற பொறியாளர் நூல் பிடித்துப் போய் மூலத்தைக் கண்டுபிடித்தார். தாக்குதல் நடத்தியது எந்த வில்லனும் இல்லை. வீடுகளில் வைக்கும் மலிவு விலை நெட்கியர் ரௌட்டர்கள். நேரம் கேட்பதற்கான முகவரியாக விஸ்கான்சின் சர்வரின் ஐபி எண்ணை யாரோ மென்பொருளுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டார்கள். பதில் கிடைத்துவிட்டால் ரௌட்டர் அடங்கிவிடும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நொடியும் மறுபடி கேட்கும். இப்படிப்பட்ட கருவிகள் 7,00,000க்கும் மேல் விற்பனைக்குப் போயிருந்தன. ஆக, தடுப்புச் சுவர் எழுப்பியதும் கேள்விகள் பெருகின. நெட்கியர் நிறுவனம் பின்னர் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு 3,75,000 டாலர் கொடுத்தது.

நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறையைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம் இருக்கும். அதன் பாக்கெட்டில் எத்தனை பிட்டுகள், எந்தப் புலம் எங்கே என்று படம் போட்டிருக்கும். 'பதில் சொல்ல மறுத்தால் கேள்வி கூடும்' என்பது அந்தப் படத்தில் இருக்காது. சிஸ்டம் நிர்வாகம், நெட்வொர்க் நிர்வாகம் என்கிற துறையின் சிக்கலே இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பும் எளிது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது எவரும் எழுதிவைக்காத குணங்கள் முளைக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை வகுப்பறையில் வைத்துக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியாது என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதைவிட, யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பதே சரி. கணினி அறிவியல் துறைகள் அல்காரிதங்களையும் கம்பைலர்களையும் சொல்லித்தந்தன. அந்தத் துறையின் சர்வரை ஓடவைத்தவரோ பெரும்பாலும் தற்செயலாக அந்த வேலையில் மாட்டிக்கொண்டவர். ஆய்வு மாணவர்களில் 'இவனுக்குக் கொஞ்சம் யூனிக்ஸ் தெரியும்' என்று பெயர் வாங்கியவன் தலையில், கணினியின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்டு வந்து விழும். 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்த கிளிஃபர்ட் ஸ்டோல் ஒரு வானியலாளர். கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏனென்று பார் என்றார்கள். அவர் பார்த்துக்கொண்டே போனார். அமெரிக்க ராணுவக் கணினிகளில் நுழைந்து சோவியத் உளவு அமைப்புக்குத் தகவல் விற்ற ஜெர்மானியக் குழுவில் போய் முடிந்தது அந்தத் தேடல்.

இந்தத் தற்செயல் நிர்வாகிகள் 1987இலிருந்து லைசா என்ற பெயரில் ஆண்டுதோறும் மாநாடு கூடினார்கள். பெரிய நிறுவல்களின் சிஸ்டம் நிர்வாகம் என்பது அந்தப் பெயரின் விரிவு. பெரிய நிறுவல் என்று அன்று எதைச் சொன்னார்கள் தெரியுமா? நூறு பயனர்களுக்கு மேல் இருந்தால் போதும்.

துறைக்கு இலக்கணம் எழுதும் முயற்சி நார்வேயில் வேகம் பிடித்தது. மார்க் பர்ஜெஸ் இங்கிலாந்தில் இயற்பியல் படித்தவர். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளராக இருந்தபோது துறையின் யூனிக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. யூனிக்ஸ் என்பது பொதுப்பெயர்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் யூனிக்ஸும் ஒவ்வொரு மாதிரி. ஒரே வேலையைச் செய்ய, 'இந்த இயந்திரமாக இருந்தால் இப்படி, அந்த இயந்திரமாக இருந்தால் அப்படி' என்று ஸ்கிரிப்ட் நீண்டுகொண்டே போனது. இதில் வெறுத்துப்போன பர்ஜெஸ் 1993இல் சிஎஃப்என்ஜின் என்ற கருவியை எழுதினார்.

அதன் அடிப்படை யோசனை கேட்க எளிது, விளைவு பெரிது. சாம்பார் கொதிக்கிறது. 'ஒரு கரண்டி உப்பு போடு' என்று வீட்டில் மூன்று பேரிடம் சொன்னால் மூன்று கரண்டி விழும். சாம்பாரைக் கொட்டத்தான் வேண்டும். 'உப்பு சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்' என்றால் மூன்று பேரும் ருசி பார்ப்பார்கள், குறைந்தால் மட்டும் போடுவார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் முதல் வகை. சிஎஃப்என்ஜின் இரண்டாவது வகை. 'இந்தக் கோப்பு இந்த அனுமதிகளோடு இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்று சேர வேண்டிய நிலையை எழுதிவைத்தால் போதும். கருவி அவ்வப்போது வந்து பார்க்கும். விலகியிருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு போய்விடும். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். இன்று பப்பெட், ஆன்சிபிள் என்று வேலை விளம்பரங்களில் அடிபடும் பெயர்களெல்லாம் இந்த யோசனையின் வழித்தோன்றல்கள். பப்பெட்டை உருவாக்கிய லூக் கேனிஸ் முன்பு சிஎஃப்என்ஜினில் ஊறியவர்.

1998 லைசா மாநாட்டில் பர்ஜெஸ் ஒரு படி மேலே போனார். கணினிகளுக்கும் உடம்பைப் போல நோய் எதிர்ப்பு முறை வேண்டும் என்று கட்டுரை வாசித்தார். மனிதன் வந்து சரிசெய்யும்வரை காத்திருக்கும் இயந்திரம் நோயாளி. தன் ஆரோக்கிய நிலை எது என்று தெரிந்து அதற்குத் தானே திரும்புவதுதான் நல்ல இயந்திரம் என்பது வாதம். 2000இல் இத்துறையின் கோட்பாடுகளைப் பற்றிப் பாடநூல் எழுதினார். பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகக் கல்லூரியில் நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்துக்கென்றே பேராசிரியர் ஆனார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்துடன் இணைந்து அந்தக் கல்லூரி அதே பெயரில் முதுநிலைப் பட்டமும் கொடுத்தது. 2018 முதல் அந்தக் கல்லூரியின் பெயர் ஒஸ்லோமெட். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகமும் இதே துறையில் பட்டப்படிப்புகளை நடத்தின.

பட்டம் என்று வந்துவிட்டால் என்ன சொல்லிக்கொடுப்பது? முகவரி வகுத்தல், ரௌட்டிங், பெயர்களை எண்களாக்கும் டிஎன்எஸ், பயனர் கணக்குகள், அனுமதிகள், பேக்கப், கண்காணிப்பு. பட்டியல் போடுவது சுலபம். ஆனால் ஒரு நல்ல நிர்வாகியைச் சுமாரானவரிடமிருந்து பிரிப்பது இந்தப் பட்டியல் இல்லை. பழுது எங்கே என்று தேடும் முறைதான். அதற்கு இத்துறையினர் சொல்லிச் சொல்லி மகிழும் கதை ஒன்று உண்டு.

1990களின் நடுப்பகுதி. வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைக் கவனித்துவந்தார் ட்ரே ஹாரிஸ். புள்ளியியல் துறைத் தலைவர் கூப்பிட்டார். '500 மைலுக்கு மேல் எங்களால் மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை' என்றார். மின்னஞ்சலுக்கு மைல் கணக்கு ஏது? ஹாரிஸ் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டிருப்பார். ஆனால் கேட்டவர்கள் புள்ளியியல்காரர்கள்; சில நாள் தரவு சேகரித்து, வரைபடம் போட்டுவிட்டுத்தான் பேசினார்கள். ஹாரிஸ் தானே சோதித்தார். ரிச்மண்டுக்குப் போனது, அட்லாண்டாவுக்குப் போனது. 420 மைல் தொலைவில் உள்ள நியூயார்க்குக்குப் போனது. 580 மைல் தள்ளியிருக்கும் பிராவிடன்ஸுக்குப் போகவில்லை.

நடந்தது இதுதான். ஓர் ஆலோசகர் வந்து அந்தச் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தார். புதுப்பித்ததில் மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. ஹாரிஸ் எழுதிய அமைப்புக் கோப்போ புதிய பதிப்புக்கானது. பழைய மென்பொருள் அதிலிருந்த நீளமான பெயர்களைப் புரிந்துகொள்ளாமல் தாண்டிப்போனது. அப்படித் தாண்டியவற்றில் ஒன்று, எதிர்முனைச் சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்கிற அளவு. அது பூஜ்ஜியமாகிவிட்டது. பூஜ்ஜியம் என்றாலும் அந்த இயந்திரம் கைவிட எடுத்துக்கொண்ட நேரம் 3 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். 3 மில்லிநொடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 900 கிலோமீட்டர், அதாவது 558 மைல்.

கணக்கில் கறாராக இருப்பவர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். பாக்கெட் போய்த் திரும்ப வேண்டும், கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் மூன்றில் இரண்டு பங்குதான், பிறகு எப்படி 558? நியாயமான ஆட்சேபம்தான். சுவாரசியத்துக்காகச் சில விவரங்களை மாற்றியிருப்பதாகக் கதையின் தொடக்கத்திலேயே ஹாரிஸ் சொல்லிவிடுகிறார். எண்கள் எப்படி இருந்தாலும் மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் தேடிய விதம். பயனர் சொன்னது அபத்தமாகப் பட்டாலும் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு ஊராகச் சோதித்தார். கடைசியாக எது மாறியது என்று கேட்டார். சர்வரின் பதிப்பு எண்ணைப் பார்த்தார். பழுது அந்த இடத்தில் அகப்பட்டது.

இந்தத் தேடலை மாணவர்களுக்குப் பழக்க வேண்டுமானால் அவர்கள் கையில் பழுதாகக்கூடிய ஒரு நெட்வொர்க்கைக் கொடுக்க வேண்டும். முட்டுக்கட்டை அங்கேதான் இருந்தது. 200 பேர் பயன்படுத்தும் சர்வரின் ரூட் அனுமதியை இரண்டாம் ஆண்டு மாணவனிடம் யார் கொடுப்பார்கள்? கொடுக்காவிட்டால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? ஆளுக்கொரு சர்வர், ஆளுக்கு நாலு ரௌட்டர் வாங்க எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது.

மெய்நிகர் கணினிகள் இந்த முட்டுக்கட்டையைத் தகர்த்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளிவந்த ஸென் போன்ற மென்பொருள்கள் ஒரே இயந்திரத்துக்குள் பல முழுக் கணினிகளை ஓடவிட்டன. ஒஸ்லோவில் கிர்ரே பெக்னும் என்ற ஆசிரியர் எம்எல்என் என்ற கருவியை எழுதினார். எத்தனை கணினிகள், எது எதோடு இணைந்திருக்கிறது என்று சின்னக் கோப்பில் எழுதினால் அது ஒரு முழு நெட்வொர்க்கையும் எழுப்பிவிடும். பிறகு 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து மினிநெட் வந்தது. லினக்ஸ் கர்னலின் வசதிகளைக் கொண்டே மடிக்கணினிக்குள் பத்து சுவிட்சும் ஐம்பது கணினியும் இருப்பதுபோலக் காட்டும். உடைந்தால் ஒரு கட்டளையில் அழித்துவிட்டு மறுபடி எழுப்பலாம். மாணவன் ரௌட்டிங் அட்டவணையைக் குழப்பினாலும், மொத்த டிஸ்க்கையும் அழித்தாலும் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இதிலும் ஒரு குறை உண்டு. விளைவு இல்லாத தவறு மனதில் பதிவதில்லை. பெக்னும் அதற்கும் வழி பார்த்தார். 2016இல் சக ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதை விளையாட்டாக மாற்றிய அனுபவத்தைச் சொல்கிறது. மாணவர்கள் ஓர் இணையச் சேவையை ஏற்று நடத்த வேண்டும். தானியங்கி நிரல் ஒன்று வாடிக்கையாளர் வேடத்தில் வந்து வந்து பார்க்கும். தளம் உயிரோடு இருந்தால் கணக்கில் பொய்ப்பணம் ஏறும். விழுந்து கிடந்தால் ஏறாது. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் காலையில் கணக்கில் தெரியும். பொய்ப்பணம்தானே என்று யாரும் தூங்கிவிட முடியாது. மதிப்பெண்ணைவிட இது நேர்மையான அளவுகோல். தேர்வில் 60 சதவீதம் வாங்கினால் முதல் வகுப்பு. ஆண்டில் 60 சதவீத நேரம் மட்டும் ஓடும் மின்னஞ்சல் சர்வரை வைத்திருப்பவருக்கு வேலை போய்விடும். 99.9 சதவீதம் ஓடினால்கூட ஆண்டுக்குச் சுமார் 8 மணி நேரம் 45 நிமிடம் இருட்டு.

பேக்கப் பற்றிய பாடத்துக்கு இப்போது ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தைத்தான் உதாரணம் காட்ட வேண்டும். 2021 டிசம்பரில் அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் தரவு, சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்களுக்குச் சேதம். அதில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. அழித்தது வைரஸ் இல்லை. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்.

பத்து நாளுக்கு மேல் பழசான லாக் கோப்புகளைச் சுத்தம் செய்யும் வேலையும் அந்த ஸ்கிரிப்டுக்கு இருந்தது. அதைப் பராமரித்த ஹெச்பிஈ நிறுவனம், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாறிகளின் பெயர்களைத் திருத்தி, ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பை அதன்மேல் எழுதியது. பாஷ் என்ற கட்டளை மொழி ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓடஓடத்தான் படிக்கும். முதல் பாதி பழைய பதிப்பிலிருந்தும் மறுபாதி புதிய பதிப்பிலிருந்தும் ஓடியது. புதிய பெயருடைய மாறிக்கு மதிப்பே கொடுக்கப்படவில்லை. லாக் இருக்கும் அடைவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அழிக்கும் கட்டளை லாக் அடைவை விட்டுவிட்டு ஆய்வாளர்களின் தரவுக்குள் நுழைந்தது. பொறுப்பு முழுதும் தங்களுடையது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மதிப்பு கொடுக்கப்படாத மாறியைக் கண்டதும் நின்றுவிடு என்று பாஷுக்குச் சொல்ல ஒரே வரி போதும். அந்த வரி எதற்கு என்று எந்த மாணவனும் இனிக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு பாடம் உண்டு, ஆய்வகத்தில் வைத்து நடத்த முடியாதது. ரூட் அனுமதி உள்ளவர் பேராசிரியரின் மின்னஞ்சலையும் படிக்கலாம், சக மாணவியின் கோப்புகளையும் திறக்கலாம். பூட்டு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க சிஸ்டம் நிர்வாகிகளின் சங்கங்கள் இதற்கென நெறிக்கோவை வகுத்திருக்கின்றன. தொழில்நுட்பப் பணிக்குத் தேவைப்பட்டால் மட்டுமே பிறர் தகவலைப் பார்ப்பேன், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்பது அதில் ஒரு பகுதி. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை என்பது வருத்தம்.

இந்தியாவில் இணையம் முதலில் வந்தது கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத்தான் என்பதை இங்கே நினைவூட்டலாம். 1986இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்னெட் தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995இல். அதற்கு முன்பே ஆசிரியர்களும் மாணவர்களும் மோடம்களோடு மல்லுக்கட்டி, மின்னஞ்சலைக் கொண்டுசேர்த்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அறுந்த இணைப்புகள் சொல்லிக்கொடுத்தன.

இன்றைய பொறியியல் கல்லூரி லேப் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. சாக்கெட் நிரல் எழுதுகிறார்கள், பிங் செய்து பார்க்கிறார்கள், வந்த வெளியீட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எல்லாம் சரியாக ஓடும்படி ஏற்கெனவே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். உண்மையிலேயே லேபில் நெட் போய்விட்டால், மாணவர்கள் வெளியே நிற்பார்கள். உள்ளே லேப் உதவியாளர் ஒருவர் கேபிளைத் தேடிக்கொண்டிருப்பார். அன்று அங்கே நடந்த ஒரே நிஜமான நெட்வொர்க் வகுப்பு அதுதான். அதைக் கவனித்த மாணவர் எவரும் இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே டிஎன்எஸ் முகவரியை மாற்றிவைத்துவிட்டு, 'பிரவுசர் திறக்கவில்லை, ஏன் என்று கண்டுபிடி' என்று ஒரு மணி நேரம் விட்டால் செலவு ஒன்றுமில்லை. கேட்வேயை எட்டுகிறதா, ஐபி எண்ணைக் கொடுத்தால் போகிறதா, பெயரைக் கொடுத்தால் மட்டும் நிற்கிறதா என்று மாணவர் தானாகப் படிப்படியாக இறங்குவார். அந்த இறக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேவையான மென்பொருள் எல்லாம் இலவசம். வரும் விடுமுறையில் உங்கள் கணினியில் இரண்டு மெய்நிகர் லினக்ஸ் இயந்திரங்களை நிறுவுங்கள். ஒன்றில் சின்னதாக ஓர் இணையத்தளம் நடத்துங்கள். அதன் பேக்கப் தினமும் மற்றதற்குப் போகட்டும். ஒரு வாரம் கழித்து முதல் இயந்திரத்தை முழுதாக அழித்துவிட்டு, பேக்கப்பை மட்டும் வைத்துத் தளத்தைத் திரும்ப எழுப்புங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எந்தக் கோப்பு வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதிவையுங்கள். நேர்முகத் தேர்வில் 'உங்கள் அனுபவம் என்ன?' என்று கேட்டால், அந்தக் காகிதத்தையே நீட்டலாம்.